1498இல் கோழிக்கோட்டில் நடந்தது என்ன? கடற்பயண வரலாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடிப் பழைய பயணக் குறிப்புகளை வாசிக்கிறோம். கூட்டத்திற்கு ஆட்கள் புதிது புதிதாக வருகிறார்கள். கேள்விகள் மட்டும் அவையேதான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை வாஸ்கோடகாமாவின் முதல் பயணத்தைச் சுற்றியே வருவதால், பிற பயணங்களை அதனோடு ஒட்டவைத்துப் பேசியிருக்கிறேன்.

வாஸ்கோடகாமா இந்தியாவைக் கண்டுபிடித்தார் என்றுதானே சின்ன வயதிலிருந்து படித்தோம், அது தப்பா?

'கண்டுபிடித்தார்' என்ற சொல் தப்பு. அவர் செய்தது சாதாரணக் காரியம் என்று நினைப்பதும் தப்பு. கோழிக்கோடு அன்று உலகறிந்த துறைமுகம். 1340களில் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா அங்கே வந்திருக்கிறார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹே தலைமையிலான சீனக் கப்பல்கள் மீண்டும் மீண்டும் அங்கே நங்கூரமிட்டன. 1442இல் ஹெராத் நகரத்துத் தூதர் அப்துர் ரசாக் வந்து இறங்கி, அந்தத் துறைமுகத்தில் வணிகச் சரக்குக்கு இருந்த பாதுகாப்பை வியந்து எழுதினார். காமாவின் ஆட்களில் முதலில் கரைக்கு அனுப்பப்பட்ட தண்டனைக் கைதியை இரண்டு துனிசியா நாட்டவர் ஸ்பானிய மொழியிலேயே எதிர்கொண்டு, உங்களை இங்கே கொண்டுவந்தது எந்தப் பிசாசு என்று கேட்டார்கள். தன் ஊர்ப் பேச்சில் திட்டுவதற்கு ஆள் இருக்கும் இடத்தை ஒருவர் கண்டுபிடித்ததாகச் சொல்வது கடினம்.

புதிதாக இருந்தது வழி. 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்கள் புறப்பட்டன. ஆகஸ்ட் 3 அன்று கேப் வெர்டே தீவுகளை விட்டபின், ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போகாமல் அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவாகச் சென்று, நவம்பர் 4 அன்றுதான் மீண்டும் நிலத்தைக் கண்டன. ஏறத்தாழ மூன்று மாதம் கண்ணில் கரை படவில்லை. கொலம்பஸ் கேனரித் தீவுகளை விட்டு மறுகரையைக் கண்டது ஐந்து வாரத்தில். ஆக, இந்தியப் பெருங்கடலின் பழைய வணிக வழிகளை அட்லாண்டிக்கோடு இணைத்த முதல் பயணம் என்பதே காமாவுக்கு உரிய பெருமை. அது சிறிய பெருமையும் அன்று.

அப்படியானால் தேர்வில் என்ன எழுதுவது சார்?

'ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கு வரும் கடல்வழியை முதலில் முழுமையாகக் கடந்தவர்' என்று எழுதுங்கள். அதற்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? காமா டைரி எழுதினாரா?

காமா எழுதிய நாட்குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருக்கும் முதன்மையான சான்று, கப்பலில் சென்ற ஒருவர் பெயர் குறிப்பிடாமல் எழுதிய பயணக் குறிப்பு. அவர் அல்வாரோ வேல்ஹோ என்பவராக இருக்கலாம் என்பது பலரின் கருத்து. வேறு பெயர்களைச் சொல்பவர்களும் உண்டு. மூலப்படி மறைந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எடுக்கப்பட்ட ஒரு நகல் கொயிம்பிரா நகர மடம் ஒன்றில் கிடந்து, இன்று போர்ட்டோ நகராட்சி நூலகத்தில் இருக்கிறது. அது அச்சேறியதே 1838இல்தான். அதுவரை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் மக்கள் இந்தப் பயணத்தைப் பின்னால் வந்த அரசவை வரலாற்றாசிரியர்கள் வழியாகவும், 1572இல் வெளிவந்த போர்த்துக்கீசியக் கவிஞர் கமோயிஸின் காவியம் வழியாகவுமே அறிந்திருந்தார்கள்.

அந்தக் குறிப்பும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. மேலே சொன்ன அட்லாண்டிக் வளைவுதான் கடலோடிக் கலையின் உச்சம் என்று இன்று நாம் கருதுகிறோம். ஆனால் ஆகஸ்ட் 22 அன்று நாரை போன்ற பறவைகளைக் கண்டதாக எழுதிய அதே கை, அடுத்ததாக அக்டோபர் 27 அன்று திமிங்கிலங்களைக் கண்டதாக எழுதுகிறது. இடைப்பட்ட இரண்டு மாதத்திற்கு ஒரு வரிகூட இல்லை. எழுதியவருக்குக் கடல் அலுத்துப்போயிருக்க வேண்டும். நமக்கு எது முக்கியமோ அதைப் பற்றிச் சான்று பேசும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒருவர் எழுதியதை நம்பி எப்படி வரலாறு எழுதுகிறார்கள்? கதை விட்டிருந்தால்?

கதை விடுபவர் கைவைக்க முடியாத சில சாட்சிகள் உண்டு. காற்று அவற்றில் ஒன்று. கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகமான மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக் கரைக்கு 23 நாளில் வந்தோம் என்கிறது குறிப்பு. திரும்பும்போது கார்வார் அருகே உள்ள அஞ்சதீவிலிருந்து ஆப்பிரிக்கக் கரையைக் காண மூன்று மாதத்திற்கு மூன்று நாள் குறைவாக ஆயிற்று என்றும் சொல்கிறது. ஏப்ரல் கடைசியில் புறப்பட்டவர்களைத் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டுவந்தது. அக்டோபர் தொடக்கத்தில் திரும்பியவர்களுக்கு வடகிழக்குக் காற்று இன்னும் நிலைகொள்ளவில்லை. நடுக்கடலில் காற்றில்லாமலும் எதிர்க்காற்றிலும் தவித்தார்கள். ஈறு வீங்கி, உடம்பெல்லாம் வீங்கிச் செத்த முப்பது பேரைப் பற்றியும், ஒரு கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்ததைப் பற்றியும் அந்தப் பக்கங்கள் சொல்கின்றன. சொல்பவருக்குப் பருவக்காற்றின் கணக்கு தெரியாது. ஆனால் அவர் தரும் நாட்கள் அந்தக் கணக்கோடு பொருந்துகின்றன. சான்றின் நம்பகத்தை இப்படித்தான் சோதிக்கிறார்கள்: எழுதியவர் பொய் சொல்ல நினைத்தாலும் சொல்லத் தெரிந்திருக்க முடியாத இடத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

மே 18, மே 20, மே 28 என்று ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொரு தேதி இருக்கிறதே, எது சரி?

மூன்றும் சரி. மே 18 அன்று மலைகள் கண்ணில் பட்டன. 20 அன்று கோழிக்கோட்டுக்கு வடக்கே நங்கூரமிட்டார்கள். மறுநாள் கைதி கரைக்குப் போனார். காமா இறங்கியது 28 அன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவை பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதிகள். இன்றைய கணக்குக்கு மாற்ற 9 நாள் கூட்ட வேண்டும். மே 20 என்பது மே 29 ஆகிவிடும். மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் மழை தொடங்கும் வாரம் அது. இடியும் மழையுமாக இருந்தது என்று குறிப்பு ஏன் சொல்கிறது, கப்பல்களை ஏன் வேறு துறைக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் இந்த ஒன்பது நாளைக் கூட்டிய பிறகுதான் விளங்கும்.

கோயிலைப் போய் சர்ச் என்று நினைத்தார்களாமே, அவ்வளவு முட்டாள்களா?

இந்தப் பகுதியைக் கூட்டத்தில் வாசிக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு நான் இரண்டாம் முறை மெதுவாக வாசிப்பேன். செதுக்கிய கல்லால் கட்டி ஓடு வேய்ந்த, மடத்தளவு பெரிய கட்டடம். வாசலில் பாய்மரம் உயரத்திற்கு ஒரு வெண்கலத் தூண், அதன் உச்சியில் ஒரு பறவை. நுழைவாயிலில் ஏழு சிறு மணிகள். நடுவே ஒரு கருவறை. அதற்குள் குறிப்பிட்ட சிலர் மட்டுமே போகலாம். அவர்கள் இடது தோளின் மேலாக, வலக்கைக்குக் கீழே வரும்படி நூல் அணிந்திருந்தார்கள். வந்தவர்கள் மேல் நீர் தெளித்தார்கள். நெற்றியிலும் மார்பிலும் பூசிக்கொள்ள வெள்ளையாக ஒரு பொடி கொடுத்தார்கள். கொடிமரம், பூணூல், தீர்த்தம், திருநீறு அல்லது சந்தனம் என்று நாம் ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொள்ள முடிகிறது என்றால், அந்த மனிதர் கண்ணால் கண்டதை மிகக் கவனமாக எழுதியிருக்கிறார் என்று பொருள். அதே மனிதர், கருவறையிலிருந்த உருவம் மாதாவினுடையது என்றும், சுவரில் ஓவியமாக இருந்தவர்கள் புனிதர்கள் என்றும் எழுதினார். அந்தப் புனிதர்களுக்குக் கோரைப்பல்லும் நான்கைந்து கைகளும் இருந்ததையும் மறைக்காமல் எழுதினார்.

கண்டது வேறு, கருதியது வேறு. பயணக் குறிப்பு எதையும் இந்த இரண்டு இழைகளையும் பிரித்துத்தான் வாசிக்க வேண்டும். கருதியது ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கும் காரணம் உண்டு. கிழக்கே கிறிஸ்தவ அரசர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் புறப்பட்டார்கள். எதைத் தேடி வந்தீர்கள் என்று அந்தத் துனிசியா நாட்டவர் கேட்டபோது, கிறிஸ்தவர்களையும் வாசனைச் சரக்கையும் தேடி என்றே பதில் வந்தது. முஸ்லிம் அல்லாதவர் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் அறிந்த உலகம். பேச்சோ போர்த்துக்கீசியத்திலிருந்து அரபிக்கும், அரபியிலிருந்து உள்ளூர் மொழிக்கும் கைமாறிப் போயிற்று. நாடு திரும்பிய பின் மன்னர் மானுவேலும் கிறிஸ்தவ மக்களைக் கண்டடைந்ததாகவே அண்டை அரசர்களுக்கு எழுதினார். 1500இல் வந்த அடுத்த போர்த்துக்கீசியத் தளபதி கப்ராலின் பயணத்திற்குப் பிறகே இந்தத் தவறு தெளிந்தது.

இது ஐரோப்பியருக்கு மட்டும் உரிய குறையும் அன்று. செங் ஹேயின் கப்பலில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான் இதே கோழிக்கோட்டைப் பார்த்துவிட்டு, மன்னர் பௌத்த சமயத்தில் உறுதியானவர், யானையையும் பசுவையும் போற்றுபவர் என்று எழுதினார். ஒரே ஊர், போர்த்துக்கீசியருக்கு மாதா தெரிந்தார், சீனருக்குப் புத்தர் தெரிந்தார்.

ஒரு மாலுமி "இது பேயாக இருந்தால் நான் உண்மையான கடவுளைத்தான் வணங்குகிறேன்" என்று சொன்னதாகப் படித்தேன். அது மேலே வரவில்லையே?

அது பயணக் குறிப்பில் இல்லை. ஜொவாவ் த சா என்பவர் மண்டியிட்டபடி அப்படிச் சொன்னார், காமா சிரித்தார் என்று எழுதியவர் போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் கஸ்தன்யேதா. அவருடைய நூலின் முதல் பகுதி 1551இல் வந்தது. இடையில் அரை நூற்றாண்டு. அதற்குள் எல்லோருக்கும் அது கோயில் என்று தெரிந்துவிட்டது. நம் ஆட்கள் அப்படியொன்றும் ஏமாறவில்லை, ஒருவருக்காவது சந்தேகம் வந்தது என்று சொல்லவேண்டிய தேவை வந்துவிட்டது. கஸ்தன்யேதா இந்தியாவில் பத்தாண்டு இருந்து பலரை விசாரித்தவர் என்பதால் செய்தி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சுவையான வசனம் பிந்திய நூலில் மட்டும் வந்தால், நான் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்வேன்.

காமாவுக்கு வழிகாட்டியது அரபு மேதை இபின் மஜீத் தானே? இல்லை, குஜராத்திக்காரரா?

இதில் சான்றுகளை வயது வாரியாக அடுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். கப்பலில் இருந்தவரின் குறிப்பு, மாலிந்தி மன்னர் ஒரு 'கிறிஸ்தவ' வழிகாட்டியை அனுப்பினார் என்கிறது. கோயில் பற்றிய பதிலை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தக் 'கிறிஸ்தவர்' ஓர் இந்துவாக இருந்திருக்கலாம் என்பது விளங்கும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் அவரைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்றும், 'மாலேமோ கானா' என்று பெயர் என்றும் சொல்கிறார். காமாவின் உயரமானிக் கருவியைப் பார்த்து அவர் சிறிதும் வியக்கவில்லை, செங்கடல் மாலுமிகளும் இப்படிப்பட்டவற்றை வைத்திருக்கிறார்கள் என்றார் என்பதும் பாரோஸ் தரும் செய்தியே. இபின் மஜீதின் பெயர் முதலில் வருவது போர்த்துக்கீசிய நூல் எதிலும் அன்று. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெக்காவில் இருந்து எழுதிய குத்புத்தீன் அல்-நஹ்ரவாலியின் அரபு வரலாற்றில். மது போதையில் வழியைச் சொல்லிவிட்டார் என்று அவர் எழுதியது குற்றச்சாட்டு, பாராட்டு அன்று. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பெரான் இந்தச் செய்தியைப் பரப்பிய பிறகு, குற்றச்சாட்டே பெருமையாக மாறிப் பல பாடநூல்களில் ஏறியது. இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. என் முடிவும் அதுவே.

'மாலேமோ கானா' பெயரே அன்று என்பது ஒரு கிளைக்கதை. முஅல்லிம் என்றால் அரபியில் ஆசான். கப்பலை வழிநடத்துபவரையும் அப்படி அழைத்தார்கள். கானா என்பது கணக்கர், வானநூல் அறிந்தவர் என்று பொருள்படும் 'கணக' என்ற சொல்லின் சிதைவு. பதவியைப் பெயராக எண்ணிவிட்டார்கள். இதே முஅல்லிம்தான் தமிழில் 'மாலுமி' ஆகி, இந்தப் பத்திகளில் நான் வேறு யோசனையே இல்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் சொல்.

கொலம்பஸுக்கு முன்பு பூமி தட்டை என்று எல்லோரும் நம்பினார்களாமே?

இல்லை. படித்தவர்கள் யாரும் நம்பவில்லை. அவரை எதிர்த்தவர்கள் பூமி உருண்டை என்பதை ஏற்றுக்கொண்டே, அது அவர் சொல்வதைவிட மிகப் பெரியது என்றார்கள். அவர்கள் சொன்னதே சரி. கேனரித் தீவுகளிலிருந்து ஜப்பான் ஏறத்தாழ 2,400 கடல் மைல் என்பது அவர் கணக்கு. உண்மையில் அது 10,000 கடல் மைலுக்கும் அதிகம். இடையில் அமெரிக்கா இருந்திராவிட்டால் அவர் பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. தட்டைப் பூமிக் கதை பரவ, 1828இல் வாஷிங்டன் இர்விங் கற்பனை கலந்து எழுதிய வாழ்க்கை வரலாறு பெருங்காரணம்.

கொலம்பஸின் டைரியாவது அவர் கையெழுத்தில் இருக்கிறதா?

அதுவும் இல்லை. மூலமும் போயிற்று, அரசி இசபெல்லா எடுப்பித்த நகலும் போயிற்று. பார்த்தலோமே த லாஸ் காசாஸ் என்ற துறவி சுருக்கி எழுதிவைத்த படியே எஞ்சியது. சில இடங்களில் 'நான்' என்று கொலம்பஸ் பேசுவார். பல இடங்களில் 'அட்மிரல் இவ்வாறு கூறுகிறார்' என்று லாஸ் காசாஸ் பேசுவார். அந்த லாஸ் காசாஸ்தான் பின்னாளில் தீவுவாசிகளுக்காக ஸ்பானிய அரசவையில் வாதாடியவர். எதைச் சுருக்க வேண்டும், எதைச் சொல்லுக்குச் சொல் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவருடைய கை. தீவு மக்களின் சாந்த குணத்தைப் பற்றிய வரிகள் முழுதாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வரலாறு என்பதே ஜெயித்தவன் எழுதுவதுதானே, பிறகு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

இதை ஒரு பழமொழிபோல எல்லோரும் சொல்கிறார்கள், பாதிதான் உண்மை. காமா 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்ற கப்பலைப் பிடித்து, சரக்கை எடுத்துக்கொண்டு, ஆட்களோடு எரித்தார். பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரக்கம் கேட்டதை எழுதியவர் தோமே லோபஸ். காமாவின் அணியிலேயே இருந்த ஒரு கப்பலின் எழுத்தர். அந்த நாளை வாழ்நாள் முழுதும் மறக்க முடியாது என்று அவரே பதிவு செய்கிறார். இறந்தவர் எண்ணிக்கையில் அக்காலக் குறிப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, எரித்ததில் வேறுபாடில்லை. வென்றவர்களின் கப்பலில் இருந்த ஒருவரின் எழுத்தே அந்த வெற்றிக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

தோற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். பொன்னானியில் வாழ்ந்த ஷேக் ஜைனுத்தீன் மக்தூம், காமா வந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் போர்த்துக்கீசியரின் கொடுமைகளை அரபியில் எழுதினார். ஆகவே கேள்வியை 'யார் ஜெயித்தார்' என்பதிலிருந்து சற்று நகர்த்தி, 'யாருடைய எழுத்து பாதுகாக்கப்பட்டது, எந்த மொழியில், யார் அச்சிட்டார்' என்று கேட்டால் பதில் இன்னும் பயனுள்ளதாக வரும்.

சாமூதிரி தரப்பில் ஒன்றுமே எழுதவில்லையா?

கோழிக்கோட்டு மன்னர்களான சாமூதிரிகளிடம் கிரந்தவரி எனப்படும் அரண்மனை ஓலைக் கணக்குகள் உண்டு. ஆனால் 1498 சந்திப்பைச் சாமூதிரியின் பக்கம் நின்று, அந்தக் காலத்திலேயே சொல்லும் ஓலை நம் கைக்கு வரவில்லை. அதனால் போர்த்துக்கீசியக் குறிப்பைக் குறுக்கே வாசிக்க வேண்டியிருக்கிறது. சாமூதிரிக்குக் கொடுக்க காமா எடுத்துவைத்த பரிசுப் பட்டியலைப் பாருங்கள்: கோடுபோட்ட துணி 12, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவளச் சரம் 4, கை கழுவும் கிண்ணங்கள் 6 கொண்ட ஒரு பெட்டி, சர்க்கரை ஒரு பெட்டி, எண்ணெய் இரண்டு பீப்பாய், தேன் இரண்டு பீப்பாய். பார்வையிட வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகரே இதைவிட அதிகம் தருவார் என்றார்கள். அந்தச் சிரிப்பு சாமூதிரி அவையின் குரல். எதிராளியின் குறிப்பேட்டில் சிக்கிக்கொண்டதால் நமக்குக் கிடைத்தது.

ஒரே நிகழ்ச்சியை ஒரே ஆளே மூன்று விதமாகச் சொல்ல முடியுமா?

முடியும், ஒரே கல்லில் முடியும். 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த பலகைக் கல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செங் ஹேயின் பயணத்திற்காகச் சீனாவில் 1409இல் பொறித்துக் கொண்டுவரப்பட்ட கல் அது. சீன மொழிப் பகுதியில், மிங் பேரரசர் புத்தருக்குக் காணிக்கை தருகிறார். தமிழ்ப் பகுதியில், அதே பேரரசர் தேனாவரை நாயனாருக்குத் தருகிறார். தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமால் அவர். பாரசீகப் பகுதியில், இஸ்லாத்தைப் போற்றித் தருகிறார். பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

சீனம் மட்டும் தெரிந்த ஆய்வாளர் ஒரு பௌத்தப் பேரரசரை இதில் காண்பார். தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரு வைணவ பக்தரைக் காண்பார். மூன்றையும் சேர்த்து வாசிப்பவருக்கே, அந்தக் கடற்கரையில் யார் யார் வணிகம் செய்தார்கள், அவர்களில் யாரையும் பகைத்துக்கொள்ளச் சீன அவை விரும்பவில்லை என்பது தெரியும். இலங்கைக் கடற்கரையில் பொது அறிவிப்புக்குத் தமிழ் வேண்டியிருந்தது என்பதும் தெரியும். ஆனால் கல் சொல்லாததும் உண்டு: சில ஆண்டுகளுக்குள், 1411இல், இதே செங் ஹே இலங்கையில் போரிட்டு, அங்கே ஆண்ட அழகேசுவரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனதாகச் சீன அரசுக் குறிப்புகள் சொல்கின்றன.

அப்படியென்றால் ராஜேந்திர சோழன் ஆயிரம் கப்பலோடு கடாரம் போனதையும் சந்தேகப்பட வேண்டுமா?

போனதைச் சந்தேகப்பட வேண்டாம், ஆயிரத்தைச் சந்தேகப்படுங்கள். நம் சான்று, கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னரின் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி. 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி' என்று அது சொல்கிறது. எத்தனை கலம், எந்த வழி, எத்தனை நாள் என்று சொல்வதில்லை. சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும், ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், கடாரம் எனத் தென்கிழக்கு ஆசிய ஊர்ப் பெயர்களையும் அடுக்குகிறது. ஒவ்வோர் ஊருக்கும் சொல்லும் அடைமொழி அந்த இடங்களைப் பற்றிய அறிவைக் காட்டுவதால், 1025 வாக்கில் பெரிய கடற்படையெடுப்பு நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே ஐயமில்லை.

ஏன் படையெடுத்தார் என்பது வேறு கேள்வி. அதற்கு மெய்க்கீர்த்தியில் பதில் இல்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே ஸ்ரீவிசய அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியதும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தை அளித்ததும் லெய்டன் செப்பேட்டில் உள்ளன. நட்பு ஏன் போராயிற்று என்பதற்குச் சீன வணிகப் போட்டியைக் காரணம் காட்டுவது நல்ல ஊகம். ஊகம் என்று சொல்லிவிட்டு எழுதினால் ஒரு குறையும் இல்லை. போர்த்துக்கீசியக் குறிப்பில் கண்டதையும் கருதியதையும் பிரித்த அதே கத்தியை நம் கல்வெட்டுக்கும் வைத்தாக வேண்டும். இந்த இடத்தில் கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பது எனக்குப் பழகிவிட்டது.

வாய்வழிக் கதைகளை வரலாற்றாசிரியர்கள் மதிப்பதே இல்லையே, அது சரியா?

மதித்துத்தான் ஒரு பெரிய விடை கிடைத்தது. ஐஸ்லாந்தின் சாகாக் கதைகள், கி.பி. 1000 வாக்கில் தங்கள் முன்னோர் மேற்கே 'வின்லாந்து' என்ற நிலத்திற்குப் போனதாகச் சொல்கின்றன. கதைகள் எழுத்துக்கு வந்தது 13ஆம் நூற்றாண்டில். நெடுங்காலம் அவற்றைப் பலர் புராணமாகவே கருதினார்கள். நார்வேயின் ஹெல்கே இங்ஸ்தாத், அன்னா ஸ்தீனா இங்ஸ்தாத் தம்பதியர் அவற்றை நம்பித் தேடி, 1960இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வீட்டு மேடுகளைக் கண்டார்கள். அகழ்ந்தபோது ஒரு வெண்கல ஊசியும் நூல் நூற்கும் தக்கிளிக் குண்டும் கிடைத்தன. நோர்ஸ் மக்களின் பொருள்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகளின் வளையங்களைக் கொண்டு, அவை 1021இல் வெட்டப்பட்டவை என்று 2021இல் ஆண்டையே குறித்துவிட்டார்கள்.

ஆனால் இதே வின்லாந்தைக் காட்டுவதாக 1965இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட பழைய வரைபடம் போலி. மையில் 20ஆம் நூற்றாண்டு டைட்டேனியம் வேதிப்பொருள் இருந்தது. 2021இல் யேலே அதை உறுதிப்படுத்தியது. வாய்வழிக் கதை நின்றது, தாளில் எழுதியது விழுந்தது.

கப்பாட் கடற்கரையில் 'வாஸ்கோடகாமா இங்கே இறங்கினார்' என்று கல் இருக்கிறதே, அதையாவது நம்பலாமா?

அந்தக் கல்லின் முன் நின்று நானும் படம் எடுத்திருக்கிறேன். '1498இல் வாஸ்கோடகாமா இங்கே கப்பக்கடவில் இறங்கினார்' என்பதே அதன் வாசகம். பயணக் குறிப்போ வேறு சொல்கிறது: நங்கூரமிட்ட இடம் பாதுகாப்பில்லை என்பதால் கப்பல்களைப் பந்தலாயினிக்கு மாற்றினார்கள்; மே 28 அன்று காமா அங்கேதான் இறங்கிப் பல்லக்கில் கோழிக்கோட்டுக்குப் போனார். மேலே சொன்ன ஜைனுத்தீன் மக்தூமும், பரங்கியர் கப்பல் பருவம் முடியும் வேளையில் மூன்று கப்பல்களில் பந்தலாயினிக்கு வந்து, தரைவழியாகக் கோழிக்கோட்டுக்குப் போனார்கள் என்றே எழுதுகிறார். லிஸ்பனில் புறப்பட்ட நான்கில் சரக்குக் கப்பலை வழியிலேயே கலைத்துவிட்டார்கள். ஆகவே மூன்று என்பதும் சரி. ஒருவரையொருவர் படித்திராத, ஒருவரையொருவர் விரும்பியிருக்கவும் வாய்ப்பில்லாத இரண்டு பேர் ஊரிலும் எண்ணிக்கையிலும் ஒத்துப்போகிறார்கள்.

கல்லை எடுத்துவிடலாமா என்று அடுத்து கேட்பார்கள். 1998இல் ஐந்நூறாவது ஆண்டைக் கொண்டாடுவதா என்று கேரளத்தில் எதிர்ப்பு எழுந்தபோது அந்தக் கல்லும் பேச்சில் வந்தது. நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். 1498ஐப் பற்றி அது சொல்வது தவறாக இருந்தாலும், அதை நட்டவர்கள் அந்த நாளை எப்படி நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதற்கு அது சரியான சான்று. பந்தலாயினி அங்கிருந்து வடக்கே, கொயிலாண்டிக்குப் பக்கத்தில். கப்பாடு வரை போகிறவர்கள் அங்கேயும் ஒருமுறை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம்.